பதினான்காம் நாள் வெளிச்சம்

அவரை எனக்கு முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போனது. நான் மல்வேர்ன் புறநகரில், ஈழத் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்து, வானியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள். அவர் சென்னையில் பட்டம் முடித்து, எங்கள் ஆய்வுக் குழுவுக்கு இரண்டு வருட வேலைக்கு வந்தவர். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் பேராசிரியர் எங்களை ஒரே அறையில் இருத்தினார்.

"நீங்க பேசுறது தமிழா, மலையாளமா?" என்று கேட்டார் சென்னைக்காரர்.

"விளங்காட்டி இங்கிலீஷில கதையுங்கோ," என்றேன்.

அதன் பிறகு சண்டையும் தமிழிலேயே நடந்தது. பக்கத்து அறைக்காரர்கள் எங்களை நல்ல நண்பர்கள் என்று நினைத்தார்கள்.

எங்கள் வேலை காமா கதிர் வெடிப்புகள். வானத்தின் ஏதோ ஒரு மூலையில் காமா கதிர்கள் சில வினாடிகள் பளிச்சிடும். வானில் சுற்றும் செய்மதி அதைப் பிடித்துக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பின்னால் மிஞ்சுகிற மங்கல் ஒளி நாட்கணக்கில் தேய்ந்துபோகும். இத்தகைய வெடிப்புகள் பலவற்றுக்குக் காரணம், எரிபொருள் தீர்ந்து தன் பாரத்தாலேயே இடிந்து விழும் பெரும் நட்சத்திரம். அப்படியானால் அது வெடித்துச் சிதறும் வெளிச்சமும், அதாவது சூப்பர்நோவாவும், இரண்டு கிழமையளவில், ஏறக்குறையப் பதினான்காம் நாளில், அதே இடத்தில் தெரிய வேண்டும். வெடிப்பு ஓரளவு கிட்ட நடந்தால்தான் அது எங்கள் கண்ணில் படும்.

ஒரு மாசிக் காலை நான் பேருந்தில் இருந்தபோது ஒரு வெடிப்பின் செய்தி வந்தது. வேறு குழுக்கள் தூரம் கணித்தார்கள்; கிட்டத்தான். தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடுவது அவர் பொறுப்பு. பதினான்காம் நாளுக்கு நேரம் கேட்டேன்.

"அது இருக்கிற கேலக்ஸியோட வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. வேஸ்ட்," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் பேராசிரியருக்கு நேரே எழுதினேன். இரண்டு மணி நேரம் கிடைத்தது.

"என்னைத் தாண்டிப் போனீங்கல்ல? நல்லா இருங்க," என்றார் அவர்.

பதினான்காம் நாள் படத்தில், தேய்ந்திருக்க வேண்டிய புள்ளி எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தது. நிறமும் சற்றுச் சிவந்திருந்தது. நான் கதிரையை விட்டெழுந்து நடைபாதையில் இரண்டு தரம் நடந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் கை உயர்த்தினார். வெடிப்பு நடந்த விண்மீன் மண்டலத்தின் பழைய படத்தைக் கழிக்காமலே நான் அளந்துவிட்டதாகச் சொன்னார். என் புள்ளியில் பாதி அந்த மண்டலத்தின் சொந்த வெளிச்சமாக இருக்கலாம். அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

அறைக்குத் திரும்பியதும் கேட்டேன். "உது பிழையெண்டு உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு நாளா. உங்க ஃபைல் எல்லாரும் பாக்குற ஷேர்ட் ஃபோல்டர்ல தானே இருந்துச்சு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்கிட்ட கேக்காமத்தானே செஞ்சீங்க?"

கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்து, கழித்தலை மூன்று நாள் செய்தேன். வெளிச்சத்தில் பாதி போனது. மீதி அசையவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் எடுத்த நிறமாலையையும் விரித்துப் பார்த்தேன். ஹைட்ரஜனின் சுவடே இல்லை; இந்த வகைச் சூப்பர்நோவாவில் அது இருக்கவும் கூடாது. கோடுகள் அகலமாகப் பரவிக் கிடந்தன. அவ்வளவு வேகமாகச் சிதறியிருந்தது அந்த நட்சத்திரம். சூப்பர்நோவாதான்.

அவர் என் கணினித் திரையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நிஜம்தான்," என்றார். பிறகு, "கட்டுரைல கழிக்கிற பகுதிய நான்தான் எழுதுவேன்," என்றார்.

"எழுதுங்கோ. முதல் பெயர் என்ரை."

கட்டுரை வந்தது. இதழுக்காக அதைச் சரிபார்த்த நடுவர்கள் மிகக் கடுமையாகத் துருவியது அவர் எழுதிய பகுதியைத்தான், அது நின்றது. அது இல்லாவிட்டால் கட்டுரை கிழிபட்டிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போன நாளில், பிரிவு உபசாரத்துக்குக் கேக் வெட்டுவார்கள் என்று தெரிந்து, அஜக்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது நானும் மாணவர்களை வைத்து வேலை செய்கிறேன். யாராவது ஒருவர் பிழை விட்டால் தனியே கூப்பிட்டுச் சொல்கிறேன். நல்ல குணத்தால் அல்ல. அவரைப் போல் இருந்துவிடக் கூடாது என்ற பிடிவாதத்தால்தான்.