மாஸிமாவின் மேசை விளக்கு

பிற்பகல் வெயில் அந்த விளக்கின் வண்ணக் கண்ணாடிக் கூண்டில் பட்டால் என் அம்மாவின் முன்கை நீலமாகிவிடும். அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துச் சிறுமிபோல் சிரிப்பாள். பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில், நான் பெரியம்மா முறையில் "மாஸிமா" என்றழைத்த வீட்டுக்காரர் மனைவியின் கூடத்தில் இருந்தது அது. ஈயத்தில் கோத்த கண்ணாடித் துண்டுகள். கீழே, கறுத்துப் பச்சை படர்ந்த வெண்கலத் தண்டு. அம்மாவுக்கு வங்காள மொழி தெரியாது, மாஸிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மதியந்தோறும் மேலிருந்து, மருமகளை அழைப்பதுபோல் "பௌமா" என்று குரல் வரும். அம்மா கூந்தலை முடிந்துகொண்டே படியேறுவாள். இருவரும் பாக்கு வெட்டியபடி ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் அம்மாவுக்கு வேறு துணை கிடையாது. முக்கியமான சேதி என்றால் மொழிபெயர்க்க நான் இருந்தேன்.

பூஜை விடுமுறையில் டாக்குரியாவிலிருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பிய மாஸிமா, சாவியைக் கொடுத்து என்னிடம் சொன்னார்: "கண்ணாடியை மட்டும் துணியால தொடைக்கணும். தண்டைத் தொட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு. அந்தக் கறுப்புதான் அதோட வயசு."

தெருவில் பந்தாட்டம் தொடங்கியிருந்தது. "விளக்கைத் தொடைச்சு வைக்கணுமாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆயுத பூஜைக்கு முன் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். "பண்டிகையும் அதுவுமா விளக்கு இப்படிக் களிம்பு பிடிச்சுக் கிடந்தா வீட்டுக்கு ஆகுமாடா? பாவம், அவங்களுக்குத் தேய்க்க ஆளில்லை" என்று உட்கார்ந்து, கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். தண்டு புதுக் குத்துவிளக்குபோல் மின்னியது.

திரும்பி வந்த மாஸிமா கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். "நீ சொல்லலையா?" என்று என்னைக் கேட்டார்.

"சொன்னேன். அம்மாதான் கேக்கலை" என்றேன், நல்ல வங்காளத்தில்.

பக்கத்தில் நின்ற அம்மா மாஸிமாவைப் பார்த்து முகம் மலரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னடா சொல்றாங்க? பிடிச்சிருக்காமா?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம்."

சொல்லியும் கேளாமல் செய்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாளே என்றுதான் மாஸிமா நினைத்திருப்பார். அதன்பின் மேலிருந்து குரல் வரவில்லை. மதியங்களில் அம்மா தலைவாரித் தயாராக உட்கார்ந்திருப்பாள். "நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனாடா?" என்று ஒருமுறை கேட்டாள். மாஸிமாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உடனே மிளகு ரசம் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து அதை நானே குடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு இறங்கிவந்தேன்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை, மாஸிமாவும் இல்லை. விளக்கு மட்டும் அலிப்பூரில் ஒருவரின் கலைப்பொருள் சேகரிப்பில் இருக்கிறது. அண்மையில் போய்ப் பார்த்தேன். தண்டு தானாகவே மறுபடி கறுத்திருந்தது. "அசல் நிறம், யார் கையும் படாதது" என்று சுற்றிக்காட்டிய பெண் வங்காளத்தில் பெருமையாகச் சொன்னாள்.

"இல்லையம்மா, என் தாய் தேய்த்தாள். தேய்க்கக் கூடாது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை" என்றேன், நானும் வங்காளத்தில்.

"அப்படியா, தாத்தா" என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு அவள் அடுத்த அறைக்கு நடந்தாள். இதைத் தமிழில் கேட்டிருக்கவேண்டிய அம்மா உயிரோடிருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.