முப்பத்து மூன்றாவது கேள்வி

முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டாமல் சலூன்காரர் யாரையும் நாற்காலியிலிருந்து இறக்கியதில்லை. அவசரக்காரர்கள், "சரியாத்தான் இருக்கும், விடுங்க" என்பார்கள். விடமாட்டார். "உங்க தலைங்க. ஊரே பாக்கப் போகுது, நீங்க பாக்க வேண்டாமா?"

எழுபத்தொரு வயதில் அவர் குடலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அது என்ன கட்டி என்று மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை. "சாதாரணக் கட்டிதான்பா" என்றாள் மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். ஒரு வாரமாகக் கணினியில் தேடி முப்பத்திரண்டு கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

டாக்டரின் அறையில் பேச்செல்லாம் மகளோடுதான். மேசைமேல் இருந்த திரையும் அவள் பக்கமே திரும்பியிருந்தது.

"அப்பாவுக்கு ரொம்ப விவரம் வேண்டாம் டாக்டர்" என்று குரலைத் தாழ்த்தினாள். கத்தரிச் சத்தத்துக்கு நடுவிலும் ஊர்க்கதை கேட்டுப் பழகிய காது அவருடையது.

"டாக்டரம்மா, அதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க. என் வயிறுதானே?"

"அப்பா, அது வந்து..."

"கேன்சர். தெரியும்மா. வராந்தாவுல போர்டை மறைச்சுக்கிட்டு நின்னியே, போர்டு உன்னைவிட ரெண்டு முழம் ஒசரம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைத் திருப்பினார். கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது; மிச்சம் ஒளிந்திருந்தால் அழிக்க ஆறு மாதம், இரண்டு மருந்து. "வேற என்ன தெரியணும் ஐயா?"

மகள் நோட்டைத் திறந்தாள். அவர் அதன்மேல் கையை வைத்தார். "இந்த மருந்து என் விரலை என்ன பண்ணும்?"

முப்பத்திரண்டில் அது இல்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?" டாக்டர் ஃபைலைப் புரட்டினார். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று மகளின் கையெழுத்தில் இருந்தது. கடையை இனி மூடிவிடுவார் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள்.

"சவரக்கத்தி பிடிக்கிற கைங்க."

"நல்லவேளை கேட்டீங்க. ரெண்டாவது மருந்து விரல் நுனியை மரத்துப்போக வைக்கும். சிலருக்கு வருஷக்கணக்குல போகாது. உங்க வயசுல அதனால கூடுதல் பலன் கொஞ்சம்தான். முதல் மருந்து மட்டும் போதும்னா குடுக்கலாம். ஆனா உள்ளங்கை சிவந்தாலோ, தோல் உரிஞ்சாலோ, விரல் மரத்தாலோ உடனே சொல்லணும்."

"அதையே குடுங்க. முடி கொட்டுமா?"

"கொஞ்சம் மெலியலாம்."

"கொட்டட்டும். எனக்கு வெட்டிவிட ஆள் தேடுற வேலை மிச்சம்."

பேருந்தில் மகள் நோட்டை மடியில் மூடி வைத்துக்கொண்டு, "பொழைப்பேனான்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா" என்றாள்.

"அது இன்னொரு நாளைக்கு. அன்னைக்கும் நானே கேக்கறேன், நீ பக்கத்துல இரு."

அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கி, 'ஓய்வு' என்பதை அடித்து 'சலூன்' என்று எழுதினாள்.

முதல் சுற்று மருந்து முடிந்த வாரம். காலையில் கடை திறந்ததும் சலூன்காரர் கண்ணாடி மேசைமேல் ஒற்றை முடியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினார். மகள் நோட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"இந்தா, கிடைச்சுடுச்சு."

நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள். "கறுப்பாப்பா, நரையா?"

"அதுக்குக் கண்ணைத் தொறக்கணும்டி" என்றவர், வாசலில் காத்திருந்தவரை நாற்காலிக்கு அழைத்தார்.