ஆலம்பரையில் ஒரு கிண்ணம் பருப்புச் சோறு

வசந்தா மேடத்தின் எண்ணிலிருந்து தினமும் காலையில் ஒரு பூப்படமும் ‘இனிய காலை வணக்கம்’ வாசகமும் வரும். நம் அலுவலக வாட்ஸப் குழுவில் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்வோம். சென்ற செவ்வாய்க்கிழமையும் வந்தது. வழக்கம்போல் படிக்காமலே கும்பிடும் கைகளை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அம்மா போய்விட்டார் என்று அவர் மகன் அதே எண்ணிலிருந்து அனுப்பியிருந்த செய்தி அது. மேடம் கேட்டிருந்தால் என் கூத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்திருப்பார்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மதியம் அவர் சாப்பிடும் சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்கும். ரசத்தை உறிஞ்ச ஒரு சத்தம், அப்பளத்தை நொறுக்க ஒரு சத்தம், விரலைச் சப்ப ஒரு சத்தம். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் சொல்லியும்விட்டேன். “நல்லாருக்குன்னு வாயால சொன்னா பொய்யாக்கூட இருக்கும்மா. இந்தச் சத்தம் பொய் சொல்லாது” என்றார்.

என் மகள் நிலா ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். அப்போது பத்து மாதம் ஆகியும் எடை ஏறவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று டாக்டர் இழுத்ததிலிருந்து அவளுடைய சோற்றுக் கிண்ணத்தைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. மொட்டை மாடியில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மலையைக் காட்டி “மலை பாரு, மலை பாரு” என்றால்தான் வாயைத் திறப்பாள். அதனால் வீட்டைவிட்டு நான் எங்கேயும் போவதில்லை. பார்க்க வந்த மேடம் குழந்தையைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். கிளம்பும்போது என் கணவர் சேகரிடம், “ஞாயித்துக்கெழம கார எடுங்க சார், கடலுக்குப் போலாம். நானும் வரேன்” என்றார்.

“மலை இல்லன்னா புள்ள சாப்டாது மேடம்.”

“கடலோரத்துப் புள்ளைங்கல்லாம் மலையப் பாத்துட்டா சாப்டுது?”

ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். நவாப் காலத்துக் கோட்டை. இடிந்த செங்கல் சுவர்கள், அதற்கப்பால் தண்ணீர். காற்று ஜாஸ்தி. நிலா கடலைக் கண்டு மிரண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுவர் நிழலில் போர்வையை விரித்துப் பருப்புச் சோறு பிசைந்தேன். முதல் வாயைத் துப்பினாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கே போனாலும் கண் முதலில் மலையைத்தான் தேடும். அவளும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள். சேகர் மணலைக் குவித்து ஒரு மலை கட்டி, எங்கள் மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபம்போல உச்சியில் என் சிவப்புக் கைக்குட்டையைச் செருகினார். நிலா அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாக வீறிட்டாள். மணி இரண்டாகிவிட்டது. காலையிலிருந்து ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. “நான் அப்பவே சொன்னேனே” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேடத்தின் மேல் அவ்வளவு கோபம்.

அவர் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, நிலாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சோற்றைத் தானே சாப்பிட ஆரம்பித்தார். அலுவலகத்துச் சத்தம் ஒன்று பாக்கியில்லை. கொண்டுவந்ததே அந்த ஒரு கிண்ணம்தான்.

“மேடம், அது புள்ளயோடது!”

“தெரியும். நீ எப்பம்மா சாப்ட்ட?”

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

“நீ மூஞ்ச இப்படி வெச்சிக்கினு ஊட்டுனா, சோறுன்னா ஏதோ மருந்துன்னுதான் அது நெனைக்கும். வாயத் தொற.”

ஒரு உருண்டையை என் வாயில் திணித்தார். அழுதுகொண்டே விழுங்கினேன். உப்புக் கம்மி. இத்தனை நாளும் குழந்தைக்கு இதையா கொடுத்தேன் என்று சிரிப்பு வந்தது. அடுத்த உருண்டையும் எனக்கே. மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். நிலா அழுகையை நிறுத்திவிட்டு நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தவழ்ந்து வந்து கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

மிச்சமிருந்ததை அவளே அள்ளித் தின்றாள். “மணலும் சேந்து போவுது மேடம்” என்றேன். “போனா போவுது” என்றார். ஊர் நெருங்கி மலை கண்ணில் பட்டபோது நிலா அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து நானும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த மாதம் எடை பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார்.

கீழ்பென்னாத்தூரில் மேடத்தைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்து குளித்த பிறகும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன். நிலாவுக்கு இப்போது ஏழு வயது. ஆலம்பரைக் கதையை மேடம் வாயாலேயே பல தடவை கேட்டவள். எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், தட்டைத் தன் பக்கம் இழுத்தாள், ரசத்தை உறிஞ்சினாள். அடுத்த அறை வரைக்கும் கேட்கும் அதே சத்தம்.

“நீ சாப்டலன்னா நானே தின்னுடுவேன்மா” என்று ஒரு கவளத்தை நீட்டினாள்.

வாயைத் திறந்தேன். பதினோரு வருடம் என்னை எரிச்சல்படுத்திய அந்தச் சத்தம்தான் மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது. அது என் வீட்டில் தினமும் மூன்று வேளை கேட்கும்.