அரிசி மில் காலண்டருக்கு ஒரு கருடன்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு மட்டும் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், விடிந்தும் விடியாததுமாக அப்பா என்னை எழுப்பிவிடுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, இறங்கி, கொள்ளிடக் கரை வரை நடந்து, வெயில் உச்சிக்கு வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கழுத்து வலிக்கும். பசிக்கும். கருடன் வராது. கருடன் வந்தால் படம் வராது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அவர் வைக்கும் வெல்டிங் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் திடீரென்று போட்டோ பைத்தியம் பிடித்தது. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் ஒருவர் ஓரங்கட்டி வைத்திருந்த டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்தார். அதோடு நிற்கவில்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த தன் நண்பரிடம், அடுத்த வருடக் காலண்டருக்குக் கருடன் படம் தானே எடுத்துத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். படத்துக்குக் கீழே அப்பா பெயர் அச்சாகும். இதை நான் வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆகவே படம் வராவிட்டால் மானம் போவது எனக்குத்தான்.

முதல் வாரம் கரண்டுக் கம்பி கிடைத்தது. இரண்டாம் வாரம் ஒரு காக்கை. மூன்றாம் வாரம் கறுப்புப் பருந்து. அது எங்கள் தெருக் கறிக்கடைக்கு மேலேயே நாள் முழுக்க வட்டமிடும், அதற்காக யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகக் கருடனே தலைக்கு மேல் வந்தபோதோ, அப்பா கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கருட தரிசனம் விசேஷம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கையைக் கூப்பி, கண்ணை மூடித் திறப்பதற்குள் அது அக்கரைக்குப் போயிருக்கும்.

“கும்பிட்டது போதும்ப்பா, எடுங்கப்பா!” என்று அழாத குறையாகக் கத்துவேன்.

எப்போதாவது எடுத்த படங்களும் கலங்கலாக இருக்கும். “பறவை அசைஞ்சிருச்சு பாப்பா” என்பார். பிறகு அந்தக் கலங்கலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்ப்பார். ஒன்றுமில்லாத படத்தில் என்னதான் தேடுகிறாரோ என்று எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்தால் அம்மா, “இவங்க படம் புடிக்கிறதுக்குள்ள அது முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, பேரன் பேத்தி எடுத்துரும்” என்பாள்.

ஏழாவது வாரமோ எட்டாவதோ, கரையோரம் நட்டிருந்த மூங்கில் கழியின் மேல் ஒரு கருடன் வந்து உட்கார்ந்தது. இருபதடி தூரம்கூட இருக்காது. காலில் பிடித்திருந்த மீனை நிதானமாகத் தின்று முடித்து, உண்ட மயக்கத்தில் அப்படியே இருந்தது.

அப்பா அன்று கும்பிடவில்லை. எடுத்தார். பார்த்தார். மறுபடி எடுத்தார். ஐந்தாறு தடவை. எட்டிப் பார்த்தேன், எல்லாம் கலங்கல். பறவை அசையவே இல்லை. அப்போதுதான் அப்பாவின் வலது கையைக் கவனித்தேன். நிற்கிற பஸ்ஸில் என்ஜின் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, அப்படி விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன.

“நீ எடு பாப்பா” என்று கேமராவை என் கழுத்தில் மாட்டினார்.

குந்தி உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி ஒரே அமுக்கு. அலகில் ஒட்டியிருந்த மீன் செதில்கூடத் தெளிவாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா கருடனைப் பார்த்துக் கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். அது பறந்து போன பிறகும் கைகளைப் பிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், “அம்மாகிட்ட நான் எடுத்ததாவே இருக்கட்டும்மா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் படத்துக்குக் கீழே இவர் பெயரா? ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

சாயங்காலம் மில்காரர் வந்தார். கேமராவில் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “வெல்டர் கைன்னா சும்மாவா? என்ன நிதானம் பாருங்க!” என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“நான்தான் எடுத்தேன்! அப்பா எடுத்தா எல்லாம் கலங்கிப்போயிரும். கைதான் ஆடிக்கிட்டே இருக்கே!”

மில்காரர் கேமராவை மெதுவாக மேஜையில் வைத்தார். ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போலச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“கையைக் காட்டுங்க” என்றாள் அம்மா. அப்பா சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கையைத் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டார். அம்மா அதைப் பிடித்து இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே அது ஆடியது.

“எத்தனை நாளாங்க?”

“ஆறு மாசமா. படம் ஒண்ணாவது தெளிவா வந்துட்டா, கை சரியாயிருச்சுன்னு அர்த்தம்னு நினைச்சேன். வாராவாரம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“வேலையில?”

“இன்னும் யாரும் கவனிக்கல.”

அம்மா அந்தக் கையை விடாமல் அழுதாள். அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லதொரு படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இப்படி அழுதால் எனக்கு என்ன புரியும்? காலண்டரில் அப்பா பெயர் வராமல் போகப்போகிறதே, அதற்குத்தான் என்று நினைத்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. அருகில் போய், என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரையும் போட்டுக்கொள்ளலாம், எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன்.