முதல் நன்மை வீடியோவில் நான்கு தொப்பிக்காரர்

கருவாட்டு மணத்தோடுதான் அமெரிக்கா எனக்கு அறிமுகமானது. பாரிஸின் லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவிலிருந்த ஒரு பலசரக்குக் கடையில் அப்பா வேலை செய்தார். அந்தக் கடையின் பின்னறையில், கருவாட்டுப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே ஒரு சின்ன டிவி, அதன் கீழே ஒரு வீடியோ டெக், அதற்குள் எந்த நேரமும் ஒரே கசெட். தனித்தனியே பேர் எடுத்த நான்கு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள், நரை விழுந்த பிறகு ஒன்றுசேர்ந்து, பெரிய சனக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு பழைய பாட்டை ஆளுக்கொரு அடியாகப் பாடி, கடைசியில் நால்வருமாக முடித்து வைப்பார்கள். அப்பா அதைக் "கவ்போய் பாட்டு" என்பார். வீட்டை விட்டுப் போனவன் பாடுவது என்று எனக்கு விளக்கமும் சொல்லுவார். அவருக்கும் பாதிதான் விளங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஞாயிறு பூசை முடிந்ததும், மன்னாரில் அப்பாவோடு ஒன்றாகப் படித்த மூன்று பேர் அந்தப் பின்னறையில் கூடுவார்கள். இவர்களும் நாலு பேர் என்பதால் பாட்டையும் பங்கு பிரித்திருந்தார்கள். மூன்றாவது அடி ஜெரோம் மாமாவுக்கு. உறவில் மாமா இல்லை, ஆனால் உறவுக்காரர் எவரும் எனக்கு அவ்வளவு சொக்லா வாங்கித் தந்ததில்லை. மற்ற மூவரும் கத்துவார்கள். ஜெரோம் மாமா பாடுவார்.

எனக்குப் பத்து வயதானபோது அவருடைய தொண்டையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும், அதன் பிறகு குரல் வராது என்று சொல்லி, யூன் மாதத்தில் ஒபரேசனுக்கு "ரொந்தெவு" என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவருடைய மனைவிக்கு, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவருக்கு, அப்போது ஏழு மாதம். மே மாதக் கடைசியில் வில்லியே லே பெல்லில் மண்டபம் எடுத்து, நான் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழா நடக்கவிருந்தது. வீடியோவுக்கும் ஆள் பேசியாகிவிட்டது. மாமா அப்பாவிடம் வந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணை, என்ரை பிள்ளை என்ரை குரலைக் கேக்க வேணும். றெக்கோட் பண்ணுவம் எண்டு கதைக்க வெளிக்கிட்டால் அழுகை வருகுது. பாட்டெண்டால் சமாளிச்சிடுவன். அண்டைக்கு அந்தப் பாட்டைப் பாடுவமே?"

பாடினார்கள். கறுப்புச் சேட்டும், எங்கேயோ மலிவில் வாங்கிய தொப்பியுமாக நால்வரும் மேடையில் ஏறியபோது, ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த சனம் முதலில் சிரித்தது. மூன்றாவது அடி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவின் குரல் அப்போதே கரகரத்திருந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் விடாமல் பாடி முடித்தார். கமெராக்காரர் அவருக்குக் கிட்டப் போய் நின்று எடுத்ததைப் பார்த்து அப்பா நிம்மதியடைந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள், சாமத்திய வீடு என எந்த வீடியோவிலும் உள்ளபடியான சத்தம் இராது. இரைச்சலையும் குழந்தை அழுகையையும் அழித்துவிட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை சினிமாப் பாட்டுப் போட்டுத் தந்தால்தான் அது நல்ல வீடியோ. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலோ என்னவோ, இந்த ஒரு பாட்டில் கை வைக்க வேண்டாம் என்று கமெராக்காரரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் என்னிடம்தான் கேட்டார்: "பிள்ளை, உனக்கு விருப்பமான பாட்டுகளை எழுதித் தா." நான் கொப்பித்தாள் கிழித்து, இலக்கம் போட்டு எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் எழுதியதில்லை.

கசெட் வந்தபோது ஒபரேசன் முடிந்திருந்தது. கழுத்தில் துணி சுற்றிய மாமாவும், நடக்க முடியாத வயிற்றோடு அன்ரியும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கேக் வெட்டியாயிற்று, தொப்பிகள் வந்தன, மாமா வாயைத் திறந்தார். ஒரு பெண் மழையைப் பற்றிப் பாடினாள். என் தாளில் நாலாவது பாட்டு.

அப்பா உடனே போன் எடுத்தார். மறுபக்கத்தில் அந்த மனிதர் நல்லது செய்த குரலில் சொன்னார்: "கரகரவெண்டு கிடந்துது, அண்ணை. அதுதான் பிள்ளையின்ரை பாட்டைப் போட்டு வடிவாக்கிவிட்டனான்." மாமாவின் குரல் இருந்த மூலக் கசெட்டின் மேலேயே அடுத்த சனிக்கிழமைக் கலியாணத்தைப் பதிந்துவிட்டாராம். அப்பா ஏசு ஏசென்று ஏசினார். மாமாவால் அதுவும் முடியாது. கையிலிருந்த சின்னக் கொப்பியில் ஏதோ எழுதி அப்பாவிடம் நீட்டினார்; "பாட்டெழுதிக் குடுத்த பிள்ளைக்கு ஏசாதேங்கோ" என்றிருந்தது. நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். அழுது என்ன?

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னறை இருந்த கடையில் இப்போது போன் விற்கிறார்கள். வீடியோ டெக் என்றால் என்னவென்று அங்கே நிற்கும் பொடியனுக்குத் தெரியாது. அப்போது வயிற்றிலிருந்த மெலனி இன்று வேலைக்குப் போகிறாள். போன மாதம் லா சப்பல் மெத்ரோவுக்கு எதிரே தேநீர் குடிக்கும்போது, போனில் ஏற்றி வைத்திருந்த அந்த வீடியோவை என் பக்கம் திருப்பி, தன் அப்பாவின் குரல் எப்படியிருந்தது என்று பிரெஞ்சில் கேட்டாள். ஆழமான குரல் என்றேன். "அம்மாவும் அதைத்தான் சொல்லுறா," என்றாள், இம்முறை தமிழில். அவரைப் போல ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னாள்.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மண்டபம் வந்தது, தொப்பி வந்தது, மாமா மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். எத்தனை தரம் முயன்றாலும் மழைப் பாட்டுத்தான் வந்தது. எனக்குப் பாட வராது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.