இடது சுவரில் போட்ட துளை

துளை போடும் மெஷினில் பதினாறு வருஷமாக நிற்கிற அந்த அம்மாளை ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் டிரில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவரைப் போய், செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால் வயிறு எரியாதா?

வரைபடம் படிக்க அவர் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டு வயதில், வேலை முடிந்த களைப்போடு, சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஒரு பொருளை முன்னால் நின்று, மேலே நின்று, பக்கத்தில் நின்று பார்த்து, மூன்றையும் தனித்தனிப் படமாகத் தாளில் வைக்க வேண்டும். டி ஸ்கொயர் என்கிற நீளக் கோல்மேல் முக்கோண மூலைமட்டத்தை அணைத்துக் கோடு இழுத்தால், முதல் மாதம் மட்டம் ஒரு பக்கம் ஓடும், பென்சில் ஒரு பக்கம் ஓடும். பொருளை மனசுக்குள் திருப்ப வரவில்லை. குளிக்கிற சோப்பின் மூலையைக் கத்தியால் வெட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தார். "மூணு பக்கம் நீ பார்த்துட்டே, மிச்சத்தையாவது தேய்ச்சுக் குளிக்க விடும்மா" என்று மகள் கேலி செய்தாள். எட்டு மாதத்தில் அக்கா தேறிவிட்டார்.

போன மாதம் அறுபது இரும்புப் பெட்டிகள் வந்தன. ஒரு பக்கச் சுவரில் மட்டும் துளை. பக்கத் தோற்றத்தைத் தாளின் வலப்புறம் வரைந்திருந்தார்கள். வலப்புறம் வரைந்தால் இடப்பக்கம் நின்று பார்த்தது என்று பொருள். வகுப்பில் பழகியதும் அதுதான், ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷமாக நடப்பதும் அதுதான். ஆனாலும், மறைந்திருக்கும் துளைக்கு முன்தோற்றத்தில் விட்டு விட்டுப் போட வேண்டிய கோட்டைக் காணோமே என்று, படம் வரைந்த புது டிசைனரிடம் கேட்கப் போனார். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், எல்லாம் படத்திலேயே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அக்கா இடது சுவரில் துளை போட்டார்.

அறுபதும் வீண். துளை வலது சுவரில் இருந்திருக்க வேண்டுமாம். அந்த டிசைனர் பழகியது வேறு முறையாம். அதில் வலப்புறம் வரைந்தால் வலப்பக்கம் பார்த்ததாகும். இரண்டு முறையும் நடப்பில் உள்ளவைதான்; சாயங்கால வகுப்பில் இரண்டையும் காட்டியிருந்தார்கள். எந்த முறை என்று சொல்லத்தான் தாளின் மூலையில் சின்னக் கூம்புக் குறி ஒன்று போடுவார்கள். அதை அவர் போடவில்லை. தப்பு யாருடையது?

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். படம் படிக்கத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் மெஷினை விட்டு பேக்கிங்குக்குப் போக வேண்டும். "அஞ்சாங்கிளாஸ் கையில படத்தைக் குடுத்தா வேற என்ன ஆகும்?" என்றார் டிசைனர்.

அக்கா தாளைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"அஞ்சாங்கிளாஸ்னு சொல்லுங்க தம்பி, அது நெசம். படிக்கத் தெரியலன்னா அது பொய். பொய்க்குக் கீழ நான் எம்பேரைப் போட மாட்டேன்."

மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பெட்டியை இரண்டு முறையிலும் வரைந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் அதற்குரிய கூம்புக் குறி. டிசைனரின் படத்தைப் பக்கத்தில் வைத்து, "இதுல குறி எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

டிசைனர் தன் படத்தை எடுத்துச் சுருட்டினார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி சரி, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

"நான் கையெழுத்துப் போடாத இந்தத் தாளைக் கிழிச்சிட்டுச் சொல்லுங்க சார், போறேன்."

மேனேஜர் இரண்டாகக் கிழித்தார். அக்கா நகரவில்லை. நாலாகக் கிழித்த பிறகுதான் மெஷினுக்குப் போனார்.