துணி போர்த்திய கம்ப்யூட்டர்

சவுதியில், தமாமில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதில்லை. வந்த புதிதில், ஆளில்லாத அறையில் விளக்கை அணைத்துப் பழகிய என் கை, சாயங்காலம் கிளம்பும்போது ஒன்றை அணைத்துவிட்டது. பக்கத்து மேசை பிலிப்பைன்ஸ்காரர் பதறிப்போய், "ஒய் யூ கில்?" என்றார். கரண்டை மிச்சம் பிடித்தேன் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னதை அவர் என் கோபம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. ஓடும் பெட்டிக்குத்தான் ஆயுசு என்பது அவர் கட்சி. அது எனக்கு உறைக்க எங்கள் ஊர் வீரசோழனுக்குப் போய்வர வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு லீவில், இங்கே வாங்கிய கம்ப்யூட்டரை ஊருக்குக் கொண்டுபோனேன். என் மனைவி ஜமீலா, கல்யாணத்துக்கு முன்பே அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். இரண்டு வருஷம் வீட்டில் பழகட்டும், பிறகு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போடலாம், கல்யாணப் பத்திரிகை, மனு எல்லாம் அடித்துக் கொடுக்கலாம், நான் சவுதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். அவள் கடிதம் ஒவ்வொன்றிலும் 'கம்ப்யூட்டர் பத்திரமா இருக்கு' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் ஊருக்குப் பாதி தூரம் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

அடுத்த லீவில் பூப்போட்ட துணியை விலக்கி சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, திரையில் நாலு வரி எழுத்து வந்தது, அதோடு நின்றுவிட்டது. வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். வோல்டேஜ் பார்த்தேன். கடைசியில்தான் திரையில் தேதியைக் கவனித்தேன்: 1980 ஜனவரி ஒன்று. மூடியைக் கழற்றினால், உள்ளே விரல்கணு அளவு பேட்டரி செத்துக் கிடந்தது. தேதியையும் டிஸ்க்கின் விவரத்தையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். பெட்டி ஓடும்போது மட்டுமே அதற்குச் சார்ஜ் ஏறும்.

"ஜமீலா, இதை எப்பக் கடைசியா போட்ட?"

"நீங்க போன மறுவாரம் ஒருநா போட்டேன், மச்சான். பெறகு தொடல."

"ரெண்டு வருஷமாவா?"

"கெட்டுப்போச்சுன்னா இங்க யாரு பாப்பாக? வாரவுக போறவுகளுக்குத் துணியத் தூக்கிக் காட்டுவேன். பத்திரமாத்தான வச்சிருந்தேன்?"

ஆத்திரத்தில் வாயில் வந்ததைப் பேசிவிட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டு நின்றாள். மதுரையில் தேடி ஒரு பேட்டரி வாங்கிவந்து பற்றவைத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்து அடித்ததும் பெட்டி உயிர்பெற்றது. இப்போது மணி என்ன என்று திரையில் கேட்டது.

"தமாம் மணிய வைங்க. நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருப்பீகன்னு பாக்கவாவது தெனமும் போடுவேன்" என்றாள்.

இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன்.

தமாமுக்குத் திரும்பி வந்து இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கட்டிலடிப் பெட்டியில், ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று உறை பிரிக்காத சட்டைகள் நாலு கிடக்கின்றன. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? போன வாரம் கடிதம் வந்தது. எல்லோரும் நலம், மழை இல்லை, கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கிறது.

என் கைக்கடிகாரத்தில் வீரசோழன் மணியை நான் மாற்றவே இல்லை. அங்கே துணிக்கு அடியில், பார்க்க ஆளில்லாமல், என் தமாம் மணி ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜ் தீரும்வரை.